கடலோடி கேட்கும் நான்கு கேள்விகள்

பாய்மரப் படகில் நெடுந்தூரம் போகிறவர்கள் மற்றக் கடலோடிகளிடமிருந்து எதை எதிர்பார்க்கிறார்கள்? அழகான படங்களையா, வீரக் கதைகளையா? அவையும் சுவையானவைதான். ஆனால் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு அவர்கள் தேடுவது வேறு. அந்தத் துறைமுக வாயிலில் மணல்மேடு இன்னும் இருக்கிறதா? அங்கே நங்கூரம் பிடிக்குமா, வழுக்குமா? வரைபடத்தில் காட்டியிருக்கும் விளக்கு உண்மையில் எரிகிறதா? மாலையில் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது? தமக்கு முன் அந்த இடத்தைக் கடந்து போன ஒருவர் கண்டதை அறியவே அவர்கள் விரும்புகிறார்கள்.

இன்று இந்தக் கேள்விகளுக்குக் கைப்பேசியிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் “அருமையான இடம், கவலையே வேண்டாம்” என்கிறார். இன்னொருவர் “ஆழம் நிறைய இருக்கிறது” என்கிறார். இவர்கள் அங்கே போனது போன வாரமா, பத்து ஆண்டுகளுக்கு முன்பா? ஆழத்தைக் கருவியால் அளந்தார்களா, கண்ணால் பார்த்துச் சொன்னார்களா? தெரியாது. தெரியாத ஒன்றை நம்பி படகைச் செலுத்தினால் அடிப்பகுதி பவளப்பாறையில் மோதும்.

என் கருத்து எளிமையானது. கடலைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அதில் நான்கு கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்: எங்கே, எப்போது, எப்படி அளந்தது, எவ்வளவு உறுதி. இந்த நான்கும் இல்லாத தகவல் எவ்வளவு நல்லெண்ணத்தோடு தரப்பட்டாலும் ஆபத்தானது. இந்த நான்கும் உள்ள தகவலை, சொன்னவர் பெயர் தெரியாத புதியவராக இருந்தாலும், மதிக்கலாம். இது கடலுக்கு மட்டுமன்று, அறிவியல் முழுமைக்கும் பொருந்தும். ஆனால் கடல் இதை மிகக் கடுமையாகக் கற்றுக்கொடுக்கிறது.

பாறையில் மோதிய பாடம்

சிங்கப்பூர் நீரிணை தென்சீனக் கடலோடு சேரும் இடத்தில் பெட்ரா பிராங்கா என்ற சிறு பாறைத் தீவு இருக்கிறது. அதன்மேல் நிற்கும் கலங்கரை விளக்கத்தின் பெயர் ஹார்ஸ்பர்க். 1851ஆம் ஆண்டு முதல் அது கப்பல்களுக்கு வழிகாட்டி வருகிறது. யார் அந்த ஹார்ஸ்பர்க்?

ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் ஸ்காட்லாந்தில் 1762இல் பிறந்தவர். 1786இல் ‘அட்லஸ்’ என்ற கப்பலில் துணைத் தலைவராக இந்தியப் பெருங்கடலில் வந்துகொண்டிருந்தபோது, அந்தக் கப்பல் டியகோ கார்சியா தீவில் மோதி உடைந்தது. அவர்களிடம் இருந்த வரைபடம் பிழையானது என்பதே காரணம். தீவு அங்கே இருந்தது. வரைபடம் அதைச் சரியாகச் சொல்லவில்லை.

உயிர் தப்பிய ஹார்ஸ்பர்க் அதன் பிறகு போன கடல்வழியெல்லாம் குறிப்பு எடுத்தார். தாம் அளந்ததோடு நிற்காமல் மற்றக் கப்பல் தலைவர்களின் குறிப்புகளையும் திரட்டினார். இந்தியா, மலாக்கா நீரிணை, சீனா என்று இந்த வட்டாரக் கடல்வழிகள் அனைத்துக்கும் வழிகாட்டும் பெரிய நூலை 1809 முதல் 1811 வரை வெளியிட்டார். 1810இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தன் கடல் வரைபட அதிகாரியாக நியமித்தது. 1836இல் அவர் மறைந்த பிறகு, சீனாவின் கேன்டன் நகரில் இருந்த வணிகர்கள் அவர் நினைவாக ஒரு கலங்கரை விளக்கம் எழுப்பப் பணம் திரட்டத் தொடங்கினார்கள். அந்த முயற்சிதான் பெட்ரா பிராங்காவில் நிற்கிறது.

ஹார்ஸ்பர்க் புதிய நிலம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. போரில் வெல்லவும் இல்லை. பலர் தனித்தனியே கண்டதை ஒன்றாகச் சேர்த்து, ஒப்பிட்டு, பிழை நீக்கி, எல்லாருக்கும் பயன்படும்படி கொடுத்தார். அதைவிடப் பெரிய உதவி கடலோடிகளுக்கு எதுவும் இல்லை என்று அந்தக் கால வணிகர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூலையில் கிடந்த பதிவேடுகள்

திரட்டுவதை ஒரு பெரிய முறையாகவே மாற்றியவர் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த மேத்யூ மோரி. 1839இல் குதிரை வண்டி விபத்தில் அவர் கால் முறிந்தது. அதன் பிறகு கப்பலில் பணியாற்ற முடியவில்லை. 1842இல் கடற்படையின் வரைபடங்களும் கருவிகளும் இருந்த கிடங்குக்கு அவரைப் பொறுப்பாளராக்கினார்கள். அங்கே பழைய கப்பல் பதிவேடுகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு நாளும் எங்கே இருந்தது, காற்று எந்தத் திசையில் வீசியது, நீரோட்டம் எப்படி இருந்தது என்று மாலுமிகள் எழுதி வைத்த ஏடுகள் அவை. பயணம் முடிந்ததும் யாரும் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை.

மோரி திறந்து பார்த்தார். கடலைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் ஒவ்வொரு மாதத்திலும் காற்று எப்படி வீசுகிறது என்பதைப் பதிவேடுகளிலிருந்து எண்ணிச் சேர்த்தார். ஒரு மாலுமியின் ஒரு நாள் குறிப்பு தனியாக எதையும் நிரூபிக்காது. ஆயிரம் மாலுமிகளின் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் கடலின் பழக்கம் புலப்படும். இன்று நாம் தரவுப் பகுப்பாய்வு என்று சொல்வதை அவர் பேனாவும் தாளும் கொண்டு செய்தார். காற்றும் நீரோட்டமும் காட்டும் அவரது முதல் வரைபடம் 1847இல் வெளிவந்தது.

அவர் செய்த இன்னொரு ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வரைபடத்தை அவர் விலைக்கு விற்கவில்லை. “உங்கள் பயணப் பதிவை நான் தரும் படிவத்தில் எழுதி அனுப்புங்கள், வரைபடத்தை இலவசமாகத் தருகிறேன்” என்பது அவர் ஏற்பாடு. வாங்கியவர் திரும்பக் கொடுக்க வேண்டும். அப்படித் திரும்பி வந்த பதிவுகள் அடுத்த வரைபடத்தை இன்னும் துல்லியமாக்கின. அது இன்னும் பல கப்பல் தலைவர்களை ஈர்த்தது. பதிவுகள் மேலும் பெருகின.

பயன் என்ன? நியூயார்க்கிலிருந்து தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றி சான் பிரான்சிஸ்கோ போக அப்போது ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கும். மோரியின் வரைபடங்களைப் பின்பற்றிய கப்பல்கள் பல வாரங்களை மிச்சப்படுத்தின. 1851இல் ‘ஃபிளையிங் கிளவுட்’ என்ற விரைவுக் கப்பல் அந்தப் பயணத்தை 89 நாள்களில் முடித்தது. அதற்கு வழி கணித்தவர் எலனோர் கிரீசி என்ற பெண்மணி. கப்பல் தலைவரின் மனைவியான அவர் மோரியின் வரைபடங்களைக் கவனமாகப் படித்தவர். 1854இல் அதே கப்பல் தன் சாதனையைச் சில மணி நேரம் குறைத்தது. பாய்க்கப்பல்களில் அந்தச் சாதனை 1989 வரை முறியடிக்கப்படவில்லை.

மோரியின் வாழ்க்கையில் எல்லாம் போற்றத்தக்கதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவர் அடிமைமுறையைக் காக்க நின்ற தென் மாநிலங்களின் பக்கம் சேர்ந்தார். அவர் வகுத்த முறையைப் பாராட்டும்போது இதையும் நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

1853இல் அவரது முயற்சியால் பிரஸ்ஸல்ஸ் நகரில் 10 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். எல்லா நாட்டுக் கப்பல்களும் வானிலையை ஒரே முறையில் பதிவுசெய்ய வேண்டும் என்று அங்கே முடிவெடுத்தார்கள். கடலில் போட்டியாளர்களாக இருந்தவர்கள் பதிவேட்டில் கூட்டாளிகள் ஆனார்கள்.

நாலு மீட்டர் என்றால் எவ்வளவு?

ஒரே முறையில் எழுத வேண்டும் என்று அவ்வளவு வலியுறுத்தியது ஏன்? ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

படகின் அடியில் உள்ள ஆழமானி ஓர் ஒலியைக் கீழே அனுப்புகிறது. அது கடலடியில் பட்டுத் திரும்புகிறது. கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். ஒலி 0.005 விநாடியில் திரும்பினால், அது போய்வந்த தூரம் 7.5 மீட்டர். அதில் பாதி, 3.75 மீட்டர். கருவி நீர்மட்டத்திலிருந்து 0.25 மீட்டர் கீழே பொருத்தப்பட்டிருந்தால் அதையும் கூட்ட வேண்டும். மொத்தம் 4 மீட்டர். படகோட்டி மகிழ்ச்சியோடு எழுதுகிறார்: “இங்கே 4 மீட்டர் ஆழம்.”

கணக்கில் தவறில்லை. ஆனால் அவர் அளந்தபோது கடல் ஏற்றத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தின் அடிப்படை மட்டத்துக்கு மேல் நீர் 2.5 மீட்டர் உயர்ந்திருந்தது. ஆறு மணி நேரம் கழித்து நீர் இறங்கி 0.3 மீட்டருக்கு வந்துவிடுகிறது. அதாவது 2.2 மீட்டர் குறைந்துவிட்டது. இப்போது அதே இடத்தில் ஆழம் 1.8 மீட்டர்தான். நீருக்குக் கீழே 2 மீட்டர் இறங்கியிருக்கும் ஒரு படகு அந்தக் குறிப்பை நம்பி அங்கே நங்கூரம் போட்டுத் தூங்கினால், விடியும்போது தரைதட்டிச் சாய்ந்து கிடக்கும்.

முதல் படகோட்டி பொய் சொல்லவில்லை. அவர் விட்டுவிட்டது இரண்டே விவரங்கள்தான்: அளந்த நேரம், அளந்த முறை. நேரத்தை எழுதியிருந்தால், ஓத அட்டவணையைப் பார்த்து அடுத்தவர் கணக்கைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

காற்றுக்கும் இதே கதைதான். ஒருவருக்குப் ‘பலமான காற்று’ என்பது இன்னொருவருக்குச் சாதாரணக் காற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிரான்சிஸ் போஃபர்ட் இதற்கு ஒரு தீர்வு கண்டார். காற்றை 0 முதல் 12 வரை வகைப்படுத்தினார். உணர்ச்சியை வைத்துப் பிரிக்காமல், ஒரு போர்க்கப்பல் அந்தக் காற்றில் எத்தனை பாய்களை விரிக்க முடியும் என்பதை வைத்துப் பிரித்தார். 12 என்றால் எந்தப் பாயும் தாங்காத புயல். இன்று ஒவ்வோர் எண்ணுக்கும் காற்றின் வேகம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. 6 என்று சொன்னால் மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர் வரை என்று உலகம் முழுவதும் புரிந்துகொள்ளும்.

இல்லாத தீவு

நேரமும் முறையும் விடுபட்டால் ஏற்படும் குழப்பத்தைப் பார்த்தோம். ‘எவ்வளவு உறுதி’ என்ற நான்காவது கேள்வியை யாரும் கேட்காவிட்டால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பவளக் கடலில் இருந்ததாகச் சொல்லப்பட்ட சாண்டி தீவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1876இல் ‘வெலாசிட்டி’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் அந்தப் பகுதியில் மணல் திட்டுகளும் உடைந்து சிதறும் அலைகளும் தெரிந்ததாகக் குறிப்பிட்டது. அந்தக் குறிப்பு ஒரு வரைபடத்தில் ஏறியது. அதைப் பார்த்து இன்னொரு வரைபடம், அதிலிருந்து இன்னொன்று என்று பரவியது. கணினிக் காலத்திலும் அது விடவில்லை. இணையத்தில் நாம் பார்க்கும் உலக வரைபடத்திலும் அந்தத் தீவு இருந்தது.

2012 நவம்பரில் ‘சதர்ன் சர்வேயர்’ என்ற ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் நேரில் போய்ப் பார்த்தது. தீவு இருக்க வேண்டிய இடத்தில் கடல்தான் இருந்தது. ஆழம் 1,300 மீட்டருக்கும் மேல். எரிமலையிலிருந்து வந்து மிதக்கும் நுரைக்கற்களின் கூட்டத்தைத் திமிங்கில வேட்டையர்கள் நிலம் என்று நினைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பிரெஞ்சு அதிகாரிகள் 1970களிலேயே தங்கள் கடல் வரைபடங்களிலிருந்து அந்தத் தீவை நீக்கிவிட்டார்கள். ஆனால் அந்தத் திருத்தம் மற்றவர்களைச் சென்று சேரவில்லை. தவறு நூறு நகல்களாகப் பெருகியது. திருத்தம் ஓரிடத்தில் தங்கிவிட்டது.

ஒரே தகவல் பத்து இடங்களில் இருப்பதால் அது பத்து மடங்கு உண்மையாகிவிடாது. பத்துப் பேரும் ஒருவரையே நகலெடுத்திருந்தால், சாட்சி ஒன்றுதான். கைப்பேசியில் வரும் செய்திகளைப் படிக்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தவறைச் சொல்பவருக்குத் தண்டனையா?

கடலோடிகளுக்கு மிகவும் தேவைப்படும் தகவல் ஒன்று உண்டு. ஆனால் அதுதான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. “நான் இங்கே தவறு செய்தேன்; இப்படித்தான் நடந்தது” என்பதே அந்தத் தகவல்.

2014 நவம்பர் 29ஆம் தேதி, உலகைச் சுற்றும் வோல்வோ பாய்மரப் படகுப் போட்டியில் ‘டீம் வெஸ்டாஸ் விண்ட்’ என்ற படகு கேப் டவுனிலிருந்து அபுதாபி நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இருட்டில், நல்ல வேகத்தில், மொரீஷியசுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கரஜோஸ் பவளத்திட்டில் மோதியது. படகில் 9 பேர் இருந்தார்கள். அதிர்ஷ்டவசமாக எல்லாரும் உயிர் பிழைத்தார்கள்.

அந்தத் திட்டு வரைபடத்தில் இருந்தது. ஆனால் மின்னணு வரைபடத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் நுணுக்கமான விவரங்கள் மறைந்துவிடும். பெரிதாக்கினால்தான் பாறைகள் தெரியும். அந்தப் பகுதியைப் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்கவில்லை. உலகின் தலைசிறந்த மாலுமிகள், விலையுயர்ந்த கருவிகள், செயற்கைக்கோள் தொடர்பு எல்லாம் இருந்தும் இது நடந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். படகின் வழிகாட்டி, தாம் பெரிதாக்கிப் பார்க்கத் தவறியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். போட்டியை நடத்தியவர்கள் தனிக்குழு அமைத்து விசாரித்து அறிக்கையை எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். படகு மீட்கப்பட்டு, சீரமைக்கப்பட்டு, சில மாதங்களில் அதே போட்டிக்குத் திரும்பியது. அந்த அறிக்கையைப் படித்த எத்தனையோ படகோட்டிகள் இன்று வழி வகுத்தபின், முழுப் பாதையையும் பெரிதாக்கி ஒருமுறை சரிபார்க்கிறார்கள்.

அவர் மறைத்திருந்தால்? அல்லது அவர் ஒப்புக்கொண்டவுடன் ஆயிரம் பேர் சேர்ந்து கேலி செய்து அவரை வாயடைக்கச் செய்திருந்தால்? அடுத்த முறை தவறு செய்பவர் எதையும் சொல்லமாட்டார். அதே பாறையில் இன்னொரு படகு மோதும்.

விமானத் துறை இதை முன்பே உணர்ந்தது. அமெரிக்காவில் விமானிகள் தங்கள் தவறுகளையும் நூலிழையில் தப்பிய நிகழ்வுகளையும் பெயர் வெளிவராமல் தெரிவிக்க, 1976 முதல் ஓர் அமைப்பு இயங்குகிறது. அதை நடத்துவது நாசா. தவறை மன்னிப்பது அதன் நோக்கம் அன்று. தவறிலிருந்து எல்லாரும் கற்க வேண்டும் என்பதுதான். கடலிலும், வகுப்பறை ஆய்வுக்கூடத்திலும் அந்த மனநிலை வேண்டும்.

செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளாதா?

“இப்போதுதான் செயற்கைக்கோள்கள் எல்லாவற்றையும் படம் பிடிக்கின்றனவே, மாலுமி எழுதும் குறிப்பு இனி எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

செயற்கைக்கோள் மேகத்தைக் காட்டுகிறது. கடலின் மேற்பரப்பு வெப்பத்தை அளக்கிறது. அலையின் உயரத்தைக்கூட அளக்கிறது. ஆனால் கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தை மேலிருந்து துல்லியமாக அளப்பது கடினம். அதற்கு இன்னும் மிதவைகளும் கப்பல்களும்தான் தேவை. உலக வானிலை நிறுவனத்தின் கீழ், தாமாக முன்வந்து வானிலையை அளந்து அனுப்பும் கப்பல்களின் திட்டம் ஒன்று உண்டு. பிரஸ்ஸல்ஸ் மாநாட்டின் வழித்தோன்றல் என்று அதைச் சொல்லலாம். 1980களின் நடுவில் அதில் 7,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. பிறகு அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது.

கடலடியைப் பற்றி நாம் அறிந்திருப்பது இன்னும் குறைவு. செயற்கைக்கோளின் ரேடார் அலைகள் நீருக்குள் ஊடுருவிப் போகா. 2030க்குள் உலகக் கடலடி முழுவதையும் வரைபடமாக்க வேண்டும் என்ற திட்டம் 2017இல் தொடங்கியபோது, நவீன முறையில் அளக்கப்பட்டிருந்தது 6 விழுக்காடுதான். இப்போதும் அது கால் பங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது. ஆய்வுக் கப்பல்கள் மட்டும் இதை முடித்துவிட முடியாது. அதனால்தான் மீன்பிடிப் படகு, உல்லாசப் படகு, சரக்குக் கப்பல் என எதில் ஆழமானி இருந்தாலும் அதன் பதிவைத் தாருங்கள் என்று அனைத்துலக நீர்ப்பரப்பு வரைவியல் அமைப்பு கேட்கிறது.

நம் பக்கத்துக் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ ‘சுமத்ரா’ என்ற இடிமழைக் காற்று மேற்கிலிருந்து வரிசையாக வந்து நம்மைத் தாக்குகிறது. அதன் வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை இருக்கும். ரேடார் மழையின் நகர்வைக் காட்டிவிடும். ஆனால் அந்த நேரத்தில் நீர்ப்பரப்பில் காற்று எப்படித் திரும்பியது, அலை எவ்வளவு வேகமாக எழுந்தது, சிறு படகு தாக்குப்பிடித்ததா என்பதை அங்கே இருந்தவர்தான் சொல்ல முடியும். ஆப்டிமிஸ்ட் எனும் சிறு படகில் தனியாகப் பாய் பிடித்திருக்கும் ஒரு மாணவருக்கு அந்தத் தகவல் விளையாட்டுச் செய்தி அன்று.

“போட்டியாளருக்கு நான் ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்?” என்று நினைப்பவர்களும் உண்டு. நான் மேலே சொன்ன அதே உலகச் சுற்றுப் போட்டியின் 2017-18 பந்தயத்தில், சில படகுகள் கடல்நீரில் உள்ள நுண்ணெகிழித் துகள்களையும் கரியமில வாயுவையும் அளக்கும் கருவிகளைச் சுமந்து சென்றன. பந்தயப் படகில் ஒரு கிலோ எடைகூடச் சுமைதான். கப்பல்கள் அதிகம் போகாத தென்பெருங்கடலிலிருந்தும் அந்தப் படகுகள் அறிவியலாளர்களுக்குத் தரவு கொண்டுவந்தன. முந்துவதற்குப் போட்டி போடலாம். கடலை அறிவதில் போட்டி தேவையில்லை.

இன்னும் பிறக்காத வாசகருக்கு

ஒரு குறிப்பு எத்தனை காலம் பயன்படும் என்று எழுதுபவருக்கே தெரியாது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மாலுமிகள் தவறாமல் காற்றழுத்தம், வெப்பம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதினார்கள். அவர்கள் அன்றைய கப்பலின் தேவைக்காக எழுதினார்கள். 2010இல் தொடங்கிய ‘ஓல்டு வெதர்’ என்ற திட்டத்தில், உலகெங்கும் உள்ள தொண்டூழியர்கள் அந்தக் கையெழுத்து ஏடுகளைப் படித்துக் கணினியில் ஏற்றினார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய வானிலையை அறிய, இன்றைய பருவநிலை ஆய்வாளர்களுக்கு அந்தத் தரவுகள் கைகொடுக்கின்றன. பருவநிலை மாற்றம் என்ற சொல்லையே கேட்டிராத மாலுமிகள் அதற்குச் சாட்சி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தேதியும் நேரமும் இடமும் இருந்ததால்தான் அது சாட்சி ஆனது.

மாணவர்களே, உங்களில் சிலர் பள்ளிப் பாய்மரப் படகுக் குழுவில் இருப்பீர்கள். பலர் படகில் ஏறியே இருக்க மாட்டீர்கள். இருவருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். படகில் போகிறவர்கள் ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் ஐந்து வரி எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், காற்று, நீரோட்டம். தவறு செய்திருந்தால் ஆறாவது வரியில் அதையும் எழுதுங்கள். குழுவில் உள்ள எல்லாருடைய வரிகளையும் ஒரே ஏட்டில் சேர்த்துவையுங்கள். ஓராண்டு முடிந்ததும் அதைப் புரட்டினால், உங்கள் கடற்கரையில் எந்த மாதம் எந்த நேரத்தில் காற்று எப்படித் திரும்புகிறது என்று உங்கள் கையாலேயே ஒரு சிறு வரைபடம் போட்டுவிடலாம்.

படகில் போகாதவர்கள் கேட்கப் பழகுங்கள். யாராவது ஒரு செய்தியை உறுதியாகச் சொன்னால், மரியாதையோடு அந்த நான்கையும் கேளுங்கள்: எங்கே, எப்போது, எப்படி அளந்தது, எவ்வளவு உறுதி? பதில் சொல்பவரிடம் கற்றுக்கொள்ளலாம். பதில் இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்திவிடலாம்.

சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கப்பல் வருகிறது அல்லது புறப்படுகிறது. முன்பின் தெரியாத யாரோ சிலர், பல தலைமுறைகளாக, தாங்கள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைத்ததால்தான் அவை பாதுகாப்பாகப் போய் வருகின்றன. அந்த ஏட்டில் அடுத்த வரியை எழுதும் முறை இப்போது நம்முடையது.